அண்டா திறந்த நாள்

மூன்று நாள் விடாமல் பெய்த பனி, எங்கள் ஹின்டர்யோக் ஊரின் மாதா கோயில் கோபுரத்து உச்சியிலிருக்கும் தகரச் சேவலின் கழுத்துவரை ஏறியிருந்தது. நம்பாதவர்கள் சேவலைக் கேட்டுக்கொள்ளலாம். அன்று நான் வீட்டை விட்டுப் புகைபோக்கி வழியாகத்தான் வெளியே வந்தேன். என் மனைவி இதை மறுப்பாள். அவள் அப்போது தூங்கிக்கொண்டிருந்தாள், அவளுக்கு என்ன தெரியும்?

நாலாம் நாள் விடியும்போது காற்று நின்றது. மலை உச்சியில் வெடிச் சத்தம் கேட்டது. தளர்ந்து தொங்கும் பனியை மலைக் காவலர்கள் வெடி வைத்து முன்கூட்டியே சரித்துவிடுகிறார்கள். அந்தச் சத்தத்துக்கு எங்கள் ஊரில் யாரும் பயப்படுவதில்லை. காபியைப் பாதியில் வைத்துவிட்டு பூட்ஸைத் தேடுவார்கள், உச்சிக்குப் பின்னால் அண்டா திறக்கப்போகிறது என்று.

மலைகள் வட்டமாகக் கூடி நின்று நடுவில் ஒளித்துவைத்திருக்கும் பெரும்பள்ளம் அது. எங்கள் ஊரை மாடு, மனிதர், பாதிரியார் சகிதம் அள்ளி உள்ளே போட்டால் அடியில் ஒட்டிய கடுகு மாதிரிதான் தெரியும். ஒரு குளிர்காலத்தில் அது பனிச்சறுக்குக்குத் திறக்கும் நாட்களை எண்ண ஒரு கை விரல்களே அதிகம். திறந்தாலும் நண்பகல் வரைதான். அதற்குமேல் வெயிலில் பனி இளகிச் சரியும். காவலர் தலைவன் ரோமெட் வந்து வழியை மறித்துக் கயிற்றைக் கட்டிவிடுவான்.

தொலைபேசி அடித்தது. ஸென்ஸி.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"நான் கேபிள் கார் வாசல்ல நிக்கிறேன். நீ இன்னும் அந்தக் கோடு போட்ட பைஜாமாலதானே இருக்க?"

பைஜாமாவில்தான் இருந்தேன். அதன்மேலேயே கால்சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

ஸென்ஸி முப்பது வருடம் பாதி மலையிலிருக்கும் உணவகத்தில் சமையல் செய்தவள். அவளுடைய சீஸ் உருண்டை சூப்பைக் குடித்துவிட்டு, ஊன்றுகோலோடு வந்தவர்கள் ஊன்றுகோலை அடுப்புக்குக் கொடுத்துவிட்டு நடந்து போயிருக்கிறார்கள். ஆனால் அவள் அண்டாவைப் பார்த்ததே இல்லை. அண்டா திறக்கிற நாள் நல்ல நாள், நல்ல நாளில் கூட்டம் வரும், கூட்டத்துக்கு மதியச் சாப்பாடு வேண்டும். உணவகத்தின் முதலாளி காசியான் அவளுக்குப் புயல் அடிக்கிற நாளில் மட்டும்தான் விடுமுறை கொடுப்பார். இந்தக் கிறிஸ்துமஸுக்கு முன்புதான் ஓய்வு பெற்றாள். அன்றிலிருந்து காத்திருக்கிறாள், அண்டா ஒரு நாள்கூடத் திறக்கவில்லை. வியாழக்கிழமை இன்ஸ்ப்ரூக்கில் அவளுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை. அதன்பிறகு சறுக்குவதை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, இன்று விட்டால் என்றுமே இல்லை.

கேபிள் காரில் ஏறி, நாற்காலி லிஃப்டுக்கு மாறினோம். பைன் மரங்கள் காலடியில் குள்ளமாகி, பிறகு காணாமல் போயின. மரம் முடிகிற கோட்டுக்கு மேலே எங்கள் ஊரில் மரியாதைப் பன்மை கிடையாது. பிஷப்பே வந்தாலும் 'நீ குனிஞ்சு உக்காரு'தான். காற்று அத்தனை மெலிசு, நீளமான சொற்களை அது தாங்காது.

கடைசியில் இழுவை லிஃப்ட். உச்சிக்குப் போக வேறு வழியில்லை. மேலே ஓடும் கம்பியிலிருந்து, நங்கூரம் போல ஒரு தடி தொங்கும். அதன் குறுக்குக் கட்டையை இரண்டு பேர் தொடைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, சறுக்குக் கட்டைகள் பனியில் நிற்க, நின்றபடியே இழுபட்டு ஏற வேண்டும். அந்த லிஃப்டின் தூண்கள் நிற்பது பனியாற்றின் மேல். ஆறு நகர நகரத் தூண்களும் நகரும். நான் அங்கே வேலை பார்த்த காலத்தில் ஒரு தூண் இத்தாலிக்கே போய்விட்டது. ஆள் அனுப்பி, சமாதானம் பேசிக் கூட்டிவந்தோம்.

நான் நெட்டை. ஸென்ஸி என் இடுப்புக்கு வருவாள், தொப்பியோடு. என் தொடையில் இருந்த கட்டை அவளுக்குப் பிடரியில் இருந்தது.

"வெண்டலின், குனி."

"குனிஞ்சுதான் இருக்கேன்."

"இன்னும் குனி. இது என்னை இழுக்கல, தலையை வெட்டுது."

இன்னும் குனிந்தேன். இரண்டாவது தூணைத் தாண்டும்போது கட்டை நழுவியது, நான் அவள்மேல் விழுந்தேன், இருவரும் ஒரே பந்தாக உருண்டு கீழ் நிலையத்துக்கே வந்து சேர்ந்தோம்.

லிஃப்டை இயக்கும் என் பழைய நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் ஹெட்விக். கண்ணாடிச் சன்னலைத் திறந்து எட்டிப்பார்த்தாள்.

"வெண்டலின், நீ இந்த வேகத்துல மேல ஏறினா அண்டா அடுத்த வருஷம்தான்."

"நான் தனியா போறேன்," என்றாள் ஸென்ஸி, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே.

"முடியாது. நடுவுல செங்குத்து இருக்கு. கனம் இல்லாத ஆளைக் கட்டை தூக்கிட்டுப் போயிடும். உன் உயரத்துல ஒரு ஜோடியைப் பிடிச்சிட்டு வா."

அவள் சொன்னது சரிதான். முன்பு வியன்னாவிலிருந்து வந்த ஒரு மெலிந்த பல் டாக்டரைக் கட்டை தூக்கி, மேல் சக்கரத்தைச் சுற்றி, மறுபடி கீழே கொண்டுவந்தது. வந்து சேர்ந்தபோது அவருக்குத் தாடி முளைத்திருந்தது.

வரிசையைப் பார்த்தேன். எல்லாரும் பனை உயரம். கடைசியில், புதுச் சிவப்பு உடுப்பில், காசியான்.

காசியானின் ஓட்டலில் சுவருக்குச் சுவர் அண்டாவின் படம்தான். விருந்தினர்களிடம் அண்டாவைப் பற்றி ராத்திரிச் சாப்பாடு முழுக்கப் பேசுவார். அண்டா திறக்கிற ஒவ்வொரு நாளும் இந்த வரிசையில் வந்து நிற்பார், நாலு பேர் பார்க்கிற மாதிரி. தன் முறை வரும்போது பெருமூச்சு விடுவார். "என்ன பண்ணறது, என் உயரத்துக்கு ஜோடி அமையல." சொல்லிவிட்டு ஓட்டலுக்கு இறங்கிவிடுவார். வருடக்கணக்கில் இதைப் பார்த்திருக்கிறேன். பாவம் மனுஷன் என்று நினைத்தேனே தவிர வேறு எதுவும் தோன்றியதில்லை.

ஹெட்விக் அவரைப் பார்த்தாள். ஸென்ஸியைப் பார்த்தாள். ஒரே கத்தரிக்கோலில் வெட்டியெடுத்த மாதிரி இரண்டு தொப்பிகளும் ஒரே மட்டத்தில் இருந்தன.

"காசியான், வா முன்னாடி. உனக்கு ஜோடி வந்தாச்சு."

காசியானின் முகம் அவர் உடுப்பின் நிறத்தை இழந்தது. "இல்ல, அம்மாவுக்கு முழங்கால் சரியில்ல, அவங்களைச் சிரமப்படுத்த..."

"மரக்கோட்டுக்கு மேல என்ன அம்மா, அவங்க?" என்றாள் ஸென்ஸி. "வா காசியான். முப்பது வருஷம் உன்னை முதலாளின்னு கூப்பிட்டதுக்குக் கணக்கு தீத்துக்கறேன்."

வரிசை சிரித்தது. சிரிக்கிற வரிசைக்கு நடுவில் திரும்பிப்போக ஒரு ஓட்டல்காரரால் முடியாது. கட்டை வந்தது, இருவருக்கும் தொடையில் கச்சிதமாகப் பொருந்தியது, போய்விட்டார்கள். எனக்குத்தான் கனம் இருக்கிறதே, அடுத்த கட்டையில் தனியாக ஏறினேன்.

"உருண்டை இப்ப எப்படி வருது?" என்று ஸென்ஸி கேட்பது எனக்குக் கேட்டது.

"புதுசா வந்தவன் போடற உருண்டையை விருந்தாளிங்க சன்னல் கதவுக்கு முட்டா வைக்கறாங்க. ஈஸ்டருக்காவது வந்துட்டுப் போயேன்."

"புயல் அடிச்சா வரேன்."

செங்குத்து தொடங்கியது. அங்கே மலை எழுந்து நிற்கும். மூக்கு நுனி பனியில் இடிக்கும் என்பேன், என் மூக்குக்கு அது உண்மை. சரியாக அந்த இடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது. மேலே யாரோ விழுந்திருக்க வேண்டும்.

கம்பி ஊசலாடியது, பிறகு அதுவும் நின்றது. சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். பள்ளத்தாக்கு முழுக்க மேகம் நிரம்பி, பால் பொங்கி அடங்கிய பாத்திரம் போல் வெண்மையாகக் கிடந்தது. அதற்கு அப்பால் சிகரம் மேல் சிகரமாகக் கிழக்கு எல்லை வரை. நாற்பது வருடம் பார்த்த எனக்கே வாய் திறந்தது. திறந்த வாயை மூடுவதற்குள் பல் கூசியது.

"ஸென்ஸி," என்றது காசியானின் குரல், மிகச் சின்னதாக. "நான் இறங்கிடறேன்."

"நீ இறங்கினா கட்டை சாயும், ரெண்டு பேரும் கீழ போவோம். மறுபடி வரிசை. அதுக்குள்ள ரோமெட் கயிறு கட்டிடுவான்."

"எனக்கு உயரம் ஆகாது."

"ஆகாதா?"

"நான் அங்க போனதே இல்ல. ஒரு தடவைகூட. படமெல்லாம் விலைக்கு வாங்கினது."

அவள் சிரிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். ஊரே சிரிக்கும்படி சிரிக்க அவளுக்கு உரிமை இருந்தது.

"என் தோளைப் பாரு," என்றாள். "கீழ பார்க்காத. தையல் தெரியுதா? எண்ணு."

"சிவப்பு நூல்."

"எண்ணுன்னா எண்ணு. கட்டையை மட்டும் விட்டுடாத, காசியான். இன்னிக்கு மட்டும் விட்டுடாத."

அவர் எண்ணத் தொடங்கினார், சத்தமாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. ஐம்பதைத் தாண்டும்போது கம்பி முனகியது. நகர்ந்தோம்.

மேலே, முகட்டின் இடைவெளியில், ரோமெட் கயிற்றுச் சுருளோடு நின்றிருந்தான். எங்களைப் பார்த்ததும் கையை அசைத்தான். "வேகமா வாங்க. நீங்கதான் கடைசி."

ஸென்ஸி இடைவெளிவரை போனாள், நின்றாள்.

அண்டாவைப் பற்றி ஏதாவது பெரிதாகச் சொல்ல எனக்கும் ஆசைதான். சொல்ல வேண்டிய அவசியமே இல்லாத இடம் அது. காலடியில் தரை முடிந்து வெண்மை தொடங்குகிறது. ஒரு கோடு இல்லை, ஒரு காலடி இல்லை. முன்பே இறங்கியவர்கள் எல்லாம் இடப்பக்கச் சரிவில் போயிருந்தார்கள், வலப்பக்கம் அப்படியே இருந்தது. சுற்றிலும் கருஞ்சுவர்கள், அவற்றின் இடுக்குகளில் நீலப் பனி. பாதிப் பள்ளம் நிழலில், பாதி வெயிலில். அடியில் எங்கோ ஒரு பறவை பறந்தது. அது கழுகு. எறும்பளவு தெரிந்தது.

"இது," என்றாள் ஸென்ஸி. கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, வலப்பக்கமாக இறங்கிவிட்டாள்.

முதல் திருப்பத்தில் முழங்கால் தடுமாறியது. இரண்டாவதில் சரியானது. பிறகு அவள் போட்ட கோடு, கோலமாவு கையிலிருந்து ஒழுகுவது போல, வளைந்து வளைந்து நீண்டது. அவள் சின்னதாகிக்கொண்டே போனாள். சீரகம் ஆனாள். அப்போது அவளிடமிருந்து ஒரு கூவல் எழுந்தது. அது ஒவ்வொரு சுவரிலும் மோதித் திரும்பியது. கடைசிச் சுவரிலிருந்து திரும்பி வர எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் ஒரு குட்டித் தூக்கம் போட்டிருக்கலாம். போடவில்லை.

ரோமெட் கயிற்றை ஒரு பக்கம் கட்டிவிட்டான். "காசியான், உள்ளயா வெளியயா?"

காசியான் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். ராத்திரிச் சாப்பாடு முழுக்கப் பேசும் மனுஷனுக்கு ஒரு சொல் கிடைக்கவில்லை. பிறகு கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே போனார், கோட்டுக்குக் கோடு ஸென்ஸியின் தடத்திலேயே. நான் அவர் பின்னால்.

பாதிப் பள்ளத்தில் ஸென்ஸி பனியில் உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பகீரென்றது.

"முழங்காலா?"

"அதுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு. மணி என்ன?"

"பன்னிரண்டு."

"பன்னிரண்டு மணிக்கு நான் உட்கார்ந்ததே இல்ல," என்றாள்.

காசியான் வந்து சேர்ந்தார். நின்றார். பிறகு அவள் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தார்.

"புயல்ல மட்டும்தான் உனக்கு லீவு குடுத்தேன்."

"ஆமா."

"இது இப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது ஸென்ஸி."

"உனக்கே தெரியாதுன்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா, உன் உருண்டையில உப்பே போட்டிருக்க மாட்டேன்."

மேலிருந்து ரோமெட் இறங்கிவந்து பக்கத்தில் நின்றான். எதிர்ச் சுவரைக் காட்டினான். நிழலின் விளிம்பு சுவரிலிருந்து வழிந்து பள்ளத்தில் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது, பின்னாலேயே வெயில்.

"வெயில் உங்களைத் தொடறதுக்குள்ள எழுந்துடணும். அதுவரைக்கும்தான்."

நாலு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். வெளிச்சம் வந்த இடமெல்லாம் பனி தூசு தூசாக மின்னியது. ஸென்ஸி கையுறையைக் கழற்றி, வெறும் உள்ளங்கையைப் பனிமேல் வைத்துப் பார்த்தாள். வெயில் ஒரு கல்லெறி தூரத்துக்கு வந்தபோது, யார் கையையும் பிடிக்காமல் எழுந்தாள். கீழே அண்டாவின் பாதி இன்னும் தொடப்படாமல் கிடந்தது. அதில் இறங்கினாள்.