முதலில் சொன்னவள்

இன்னும் ஒரே ஒரு எலும்பு, அதோடு கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிடலாம், அதிகாரி வந்து நின்று அதையே மறுபடி கேட்காமல் இருந்தால் போதும். இப்படி நினைத்துக்கொண்டே அச்சிலிருந்து பிளாஸ்டர் முள்ளெலும்பை விரலால் நெம்பி எடுத்தாள். அருங்காட்சியகத்தின் பின்பக்க அறையில் பதினோரு வருடமாக அவளுக்கு இதுதான் வேலை. யாரோ எங்கோ தோண்டியெடுத்த எலும்புகளுக்கு நகல் வார்ப்பது. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணிலிருந்து வெள்ளை போவதில்லை.

மேசைமேல் வரிசையாகக் கிடந்தது ஒரு கிழவனின் முதுகு. பல ஆயிரம் வருடம் மண்ணுக்குள் இருந்த, நியாண்டர்தால் என்ற ஆதிமனித இனத்துக் கிழவன். கழுத்தெலும்புகள் தேய்ந்துபோயிருந்தன. வாயில் பல் என்று சொல்லிக்கொள்ள அதிகமில்லை. ஏறக்குறைய முழுதாகக் கிடைத்த எலும்புக்கூடு என்பதால் அவனை வைத்தே அந்த இனத்தையெல்லாம் எடைபோட்டார்கள். எடைபோட்ட அறிஞர் மூட்டு நோயைப் பொருட்படுத்தவில்லை. முழங்காலை மடக்கி, தலையை முன்னே தள்ளி, நிமிரத் தெரியாத மிருகமாக்கினார். நோய் வளைத்தது பாதி, அவர் வளைத்தது மீதி. படம் போட்டவர்கள் கையில் ஒரு தடியையும் கொடுத்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து வேறு இருவர் அதே எலும்புகளைப் பார்த்துவிட்டு, இவன் நோயாளி, மற்றவர்கள் நம்மைப் போல நிமிர்ந்துதான் நடந்திருப்பார்கள் என்றார்கள். யார் கேட்டார்கள்? அதற்குள் அந்தப் பெயர் எதிராளி மேல் எறிகிற கல்லாகிவிட்டிருந்தது.

"அண்ணன்கிட்ட கேட்டீங்களாம்மா?"

காட்சிக்கூட அதிகாரி வாசலில் நின்றிருந்தார். அவள் எலும்பைக் கீழே வைத்தாள்.

"இல்ல சார்."

"ரெண்டு நாள் வந்து நின்னா போதும். நாலு பக்கமும் போட்டோ எடுத்துட்டா, சிலை செய்யறவர் அதை வெச்சே முடிச்சிடுவார். தினமும் கேட்டுல உங்களுக்காக நிக்கறாரே, அந்தக் கழுத்து... அப்படியே வேணும்மா."

"சார், இவங்க அப்படி நடக்கலயே. போர்டுல நாமளே அதைத்தானே எழுதப்போறோம்."

"எழுதுவோம்மா, யாரு வேணாங்கறா? போர்டை எவன் படிக்கிறான்? நிமிர்ந்து நின்னா நம்ம வாட்ச்மேன் மாதிரி இருக்கும். டிக்கெட் வாங்கினவன் சண்டைக்கு வந்துடுவான்." சிரித்தார். பிறகு குரலை இறக்கினார். "உங்க கான்ட்ராக்ட் ஃபைல் அடுத்த வாரம் மேல போகுது. நல்லபடியா எழுதி அனுப்பணும்னுதான் எனக்கும் ஆசை."

கெட்டவர் இல்லை. அதுதான் அலுப்பாக இருந்தது. கெட்டவராக இருந்தால் கோபப்பட்டாவது தொலைக்கலாம்.

அண்ணனுக்குப் பதினேழு வயதில் முதுகு இறுக ஆரம்பித்தது. இப்போது கழுத்தும் முதுகும் ஒரே கட்டையாகி, தரையைத் தவிர எதுவும் எளிதில் தெரியாது. தையல்கடையில் காஜா எடுக்கிறான். ஆட்களைச் செருப்பை வைத்து அடையாளம் சொல்வான். "மூஞ்சி பொய் சொல்லும், குதிகால் தேய்மானம் சொல்லாது" என்பான். தெருவில் அவனுக்கு நியாண்டு என்று பெயர். அந்தப் பாடத்தைப் படித்தேயிராத குழந்தைகள்கூட அப்படித்தான் கூப்பிடுகின்றன.

அந்தப் பெயரை முதலில் சொன்னவள் அவள்தான். அவளுக்குப் பன்னிரண்டு வயது, அவன் முதுகு வளையத் தொடங்கியிருந்த சமயம். அன்றுதான் வகுப்பில் அந்தப் படத்தைப் பார்த்திருந்தாள். சிநேகிதிகள் எதிரில், விளையாடினது போதும், வீட்டுக்கு வா என்று அண்ணன் அதட்டினான். "போடா நியாண்டர்தால்" என்றாள். சிநேகிதிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரே வாரத்தில் தெரு முழுக்கப் பரவிவிட்டது. சின்னப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று முப்பது வருடமாகத் தன்னைத் தேற்றிப் பார்த்துக் களைத்துப்போனாள். அவன் ஒரு தடவைகூட அதைப் பற்றிக் கேட்டதில்லை. மறந்துவிட்டானா, வைத்துக்கொண்டிருக்கிறானா? கேட்டுத் தெரிந்துகொள்ளத் தைரியம் வரவில்லை.

ஐந்து மணிக்கு அவள் இறங்கியபோது அதிகாரியும் கூடவே வந்தார். கேட்டோரம் அண்ணன் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான்.

"என்னம்மா, இன்னிக்குப் பளபளன்னு ஒரு ஷூவும் கூட வருது? பெரிய இடம் போலிருக்கே."

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். "உங்களைத்தான் பார்க்க வந்தேன் சார். தங்கச்சி சொன்னாங்களா?"

அண்ணன் இடுப்போடு உடம்பைத் திருப்பி, பக்கவாட்டில் அவர் முகத்தைத் தேடினான். கேட்டால் ஒத்துக்கொள்வான். தங்கச்சி வேலைக்கு நல்லது என்றால் போதும், ஒரு கிண்டலைச் சொல்லிவிட்டுத் தடியையும் கையில் வாங்கிக்கொண்டு நிற்பான். அவளுக்கு அதுதான் பயம்.

அவள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"வேணாம் சார்."

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா. அவசரமில்ல."

"யோசிச்சுட்டேன் சார்." குரல் உயரவே இல்லை. அண்ணன் கையிலிருந்த பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். "வாண்ணா."

அவள் செருப்பில் ஒட்டியிருந்த பிளாஸ்டர் மாவு நடைபாதையில் அடிக்கு அடி வெள்ளையாகப் பதிந்துகொண்டு வந்தது. அவன் அந்தத் தடங்களைப் பார்த்துக்கொண்டே அரை அடி பின்னால் நடந்தான்.

"என்ன வேணுமாம் ஷூவுக்கு?"

"சிலைக்கு ஆள் வேணுமாம்."

"நானா? நல்ல கூத்து." சிரித்தான். "என்ன சிலையாம்?"

அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்து நின்றது. அவள் பையைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டு நடந்தாள். தடங்கள் மெல்ல வெளுப்பு குறைந்துகொண்டே போயின. அவன் இன்னும் கேட்டுக்கொண்டு பின்னால் வந்தான்.