பத்து மணி பத்து நிமிடம்

...என்னைப் பெண் பார்க்க வந்தவருக்குப் போனில் யாராக இருக்கும், அவர் அம்மாவா, ஆபீஸா, இல்லை, பெண் சரியில்லை என்றால் கூப்பிட்டு வெளியே எடுத்துவிடு என்று முன்கூட்டியே சொல்லிவைத்த நண்பனா, அப்படியும் செய்வார்களாம், எங்கள் கடை பில்லிங் பெண்ணைப் பார்க்க வந்தவன் அப்படிப் போனில் பேச எழுந்து போனவன் போனவன்தான், காபிக்குக் காசும் அவளே கொடுத்துவிட்டு வந்தாள்... ஆனால் இவர் கார் சாவியை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார், சாவியை விட்டுவிட்டுப் போகிறவர் திரும்பி வந்துதானே ஆக வேண்டும். அதுவும் கார் கம்பெனியின் முத்திரை என் பக்கம் பார்த்தபடி. தானாக அப்படி விழுந்ததா, வைத்தாரா? கடிகார ஷோரூமில் நாளெல்லாம் நிற்கிறவள் நான், எதை எந்தப் பக்கம் திருப்பி வைத்தால் யார் கண்ணில் படும் என்று எனக்கா தெரியாது. வைத்ததுதான். வைத்தால்தான் என்ன, எனக்குக் காட்டத்தானே வைத்தார், காட்டுகிற அளவுக்கு என்னை ஓர் ஆளாக மதித்துத்தானே... பார், மனசு எப்படி வக்காலத்து வாங்குகிறது. காபிக் கடையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே முதுகைக் காட்டி நிற்கிறார், இஸ்திரி கலையாத சட்டை, வலது கையில் போன், இடது கை பேன்ட் பாக்கெட்டில். லிஃப்ட் விற்கிற கம்பெனியில் பெரிய வேலையாம், வீட்டில் அண்ணி இப்போதே அவருக்கு லிஃப்ட்காரர் என்று பேர் வைத்துவிட்டாள்.

வந்ததும் எனக்குப் பிடித்துவிட்டது, அதில் பொய்யில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார், என் கை தானாகத் தலைமுடியை ஒதுக்கியது, இத்தனை வயசுக்கு மேல் இதெல்லாம் வராது என்று நினைத்திருந்தேன், வந்தது. ஆனால் எதைப் பார்த்து வந்தது? கதவைத் தள்ளின கையைப் பார்த்து. ஸ்டீல் பட்டை, நீல முகப்பு, எங்கள் கடையில் பூட்டின அலமாரியில் இருக்கிற ரகம், மேனேஜர் மட்டும்தான் சாவி போட்டுத் திறப்பார். சேர்ந்த முதல் நாளே அவர் சொல்லிக் கொடுத்தார், "கஸ்டமர் உள்ள வந்தா மூஞ்சியப் பாக்காத. மணிக்கட்டப் பாரு, அப்புறம் ஷூவப் பாரு, அதுக்கப்புறம் சிரி." அப்படியே பழகிவிட்டது, பஸ்ஸில், ஆஸ்பத்திரியில், சாவு வீட்டில்கூட முதலில் மணிக்கட்டு. இன்றைக்கும் அதே வரிசைதான், மணிக்கட்டு, ஷூ, சிரிப்பு. சிரிப்பு மட்டும் நிஜமாக வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அப்படியென்றால் எனக்குக் காதல் சொல்லிக் கொடுத்தது அந்த வழுக்கை மண்டை மேனேஜரா, கர்மம்.

சரி, அவரைச் சொல்லி என்ன, நான் மட்டும் ஒழுங்கா. என் கையில் இருப்பது மட்டும் என்னுடையதா. காலையில் அண்ணி தலை வாரிக்கொண்டே சொன்னாள், "வாட்ச் கடையில வேல பாத்துட்டு வெறுங்கையோடயா போவ? இந்த இடமாச்சும் அமையணும் பாத்துக்கோ." இந்த இடமாச்சும் என்றபோது அவள் கண் ஹால் மூலையில் சுருட்டி வைத்த என் பாயில் இருந்தது, நான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள். அண்ணன் வீட்டு ஹாலில் கடைசி ஆள் டிவியை அணைத்த பிறகுதான் எனக்குப் படுக்கை, முதல் ஆள் பால் காய்ச்ச எழும்போது எனக்கும் விடிந்தாக வேண்டும். கதவைச் சாத்திக்கொள்ள ஒரு அறை, நான் வர நேரமானால் ஏன் நேரமானது என்று கேட்க ஒரு ஆள், வேறென்ன கேட்கிறேன் நான்? அதனால்தான் ஷோகேஸில் இருந்ததை மத்தியானமே கட்டிக்கொண்டேன், ரோஸ் கோல்டு, மெல்லிசுப் பட்டை. கஸ்டமருக்குக் காட்டுவதற்காக நாங்கள் கட்டிக்கொள்வது வழக்கம்தான், போகும்போது கழற்றி வைத்துவிட வேண்டும். நான் வைக்கவில்லை. நாளைக்குக் கடை திறக்கிற முறை என்னுடையது, யாரும் வருவதற்குள் வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது... தெரிந்தால் வேலை போகும். போகட்டும், இந்த இடம் அமைந்தால் வேலை எதற்கு.

அவரும் கவனித்தாரே. உட்கார்ந்ததிலிருந்து மூன்று நாலு தடவை கண் இந்தக் கைக்குத்தான் வந்தது. காபி வந்ததும் மெதுவாகக் கேட்டார், "மணி என்ன ஆச்சுங்க?" நான் பழக்கதோஷத்தில் கையை மடக்கி, முகப்பை அவர் பக்கமாகத் திருப்பி, வெளிச்சம் விழுகிற மாதிரி கொஞ்சம் சாய்த்து, "ஆறாகப் போகுதுங்க" என்றேன். பார்த்தார். ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சிரித்தார், உதட்டோரத்தில், தனக்குள்ளேயே ரசித்துக்கொள்கிற மாதிரி. அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டுதான் இவ்வளவு நேரமும் கோட்டை கட்டிக்கொண்டிருக்கிறேன், அந்தச் சிரிப்பு தினமும் சாயங்காலம் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருகிற மாதிரி, என்ன இவ்வளவு நேரம் என்று கேட்கிற மாதிரி... கேட்கும்போது முகம்? முகம் எப்படி இருக்கும்? அட, எதிரில் உட்கார்ந்து பேசியவரின் முகம் ஞாபகத்துக்கு வரமாட்டேன் என்கிறதே. மீசை இருந்ததா? இருந்தது... இருந்ததா? பட்டையின் கொக்கி ஞாபகமிருக்கிறது, ஷூவின் தையல் ஞாபகமிருக்கிறது, சாவியின் முத்திரை இதோ இருக்கிறது, ஆள்? சிரிப்பு மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. போன வருஷம் என்னைப் பெண் பார்க்க ஒருத்தர் வந்தார், ரப்பர் பட்டை, வியர்வையில் உப்புப் பூத்த பட்டை, பார்த்ததுமே மனசைச் சாத்திவிட்டேன். நாள் முழுக்க நிக்கறீங்களே, கால் வலிக்காதா என்று கேட்டார். என்னிடம் அதைக் கேட்ட ஒரே ஆள். அண்ணன்கூடக் கேட்டதில்லை. அவருக்கும் முகம் இல்லை எனக்கு, உப்புப் பட்டைதான் இருக்கிறது. நல்லாயிருக்கிறது என் பிழைப்பு.

என்ன இன்னும் பேச்சு, எவ்வளவு நேரமாகிறது, என்று இப்போதுதான், கட்டிக்கொண்ட பிறகு முதல் தடவையாக, முகப்பை என் பக்கம் திருப்பினேன். பத்து மணி பத்து நிமிடம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், ஆறரை. மறுபடி கையைப் பார்த்தேன். விநாடி முள் செத்துக் கிடந்தது. பேட்டரி வீணாகாமலிருக்க ஷோகேஸில் வைப்பதையெல்லாம் ஓரத்துத் திருகை வெளியே இழுத்து நிறுத்தி வைப்போம், கம்பெனி பேர் மறையாமல் தெரியட்டும் என்று முள் இரண்டையும் பத்து பத்தில் விரித்து வைப்போம், நானே துணி போட்டுத் துடைத்து, நானே இழுத்து, நானே வைத்தது. எங்கள் கடையில் எவரும் கையிலிருப்பதில் மணி பார்ப்பதில்லை, அது கஸ்டமர் பார்ப்பதற்கு, எங்களுக்கு மணி பில்லிங் மெஷினில். அடிப்பாவி. நின்றுபோன கடிகாரத்தை வெளிச்சத்தில் சாய்த்து வேறு காட்டினாயே, பத்து பத்தை அவர் கண்ணுக்கு நேராக நீட்டிக்கொண்டு, அவர் முதுகுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து ஆறாகப் போகுது என்றாயே. அதற்குத்தான் சிரித்தார். ரசித்தார் என்று நினைத்தேனே, ரசித்துத்தான் இருக்கிறார். வெட்கம் காதுவரைக்கும் எரிந்தது, கையை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

திருகை அழுத்தினேன். ஓட ஆரம்பித்தது, பத்து பத்திலிருந்து. ஆறரைக்குத் திருப்பி வைக்கலாம், வைத்தால் கண்டுகொண்டேன் என்று அவருக்குத் தெரியும், வைக்காவிட்டால்... எழுந்து போய்விடலாமா, பின்பக்கம் வழி இருக்குமா... நில்லு. ஒன்று கேட்கிறேன். அவ்வளவு பெரிய கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு வந்தவர் எதற்கு என்னிடம் மணி கேட்டார்? என்னைச் சோதிக்கவா? இல்லை, அவர் கையில் இருப்பதும்... போலியாக இருந்தால் எனக்குத் தெரியாமல் போகுமா, இத்தனை வருஷப் பழக்கம்... தெரியுமா? முகப்பில் பேரைத்தானே பார்த்தேன். முள்ளைப் பார்த்தேனா? முள் ஓடியதா?

கதவு திறந்தது, வந்து உட்கார்ந்தார். மீசை இல்லை. "சாரிங்க, ஆபீஸ்லேருந்து. ரொம்ப நேரம் ஆயிடுச்சோ?" என்றார். நான் கையை எடுக்கவில்லை. "தெரியலங்க" என்றேன். அவரும் தன் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. முகத்தைப் பார், முகத்தைப் பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், களைத்த கண்கள், ஏதோ கேட்க வந்து கேட்காமல் நிற்கிற கண்கள், இன்னும் கொஞ்சம் பார்த்திருக்கலாம்... ஆனால் என் கண் அதற்குள் கீழே இறங்கிவிட்டது, அவருடைய இடது கையைத் தேடி. அது மேஜை மேல் இல்லை. என் கையைப் போலவே அதுவும் அடியில்தான் இருந்தது.