லியோனுக்குப் போன கடிதம்

வடகரப்பதி மாரப்பனுக்கு இங்கிலீஷில் தெரிந்தது நாலே வார்த்தை. அதில் ஒன்று ஸாரி. பஸ்ஸில் யார் காலையாவது மிதித்தால் ஸாரி, ரேஷன் கடையில் வரிசை மாறி நின்றால் ஸாரி. சொல்லிவிட்டு மறந்தும் போவார்.

அதைத்தான் இப்போது பிரெஞ்சில் எழுதித் தரச் சொன்னார். மகன் சந்துரு பிரான்சில், லியோன் நகரத்தில் இறந்து ஒரு மாதம் ஆகிறது. ஆறு வருடத்துக்கு முன் அங்கே கிளேர் என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டதிலிருந்து இவர் அவனோடு பேசவில்லை. அவன் போன் வந்தால் எழுந்து மோட்டார் போடப் போய்விடுவார். மனைவி நாச்சம்மாள்தான் பேசுவாள். பெற்ற பிள்ளையிடம் அப்படி என்ன வீம்போ. இப்போது சாம்பல் கிளேரிடம் இருக்கிறது. ஒரு பிடியாவது வந்தால் பேரூர் ஆற்றில் கரைக்கலாம். எடுத்த எடுப்பில் கேட்க முகமில்லை, அதனால் முதலில் ஸாரி.

பக்கத்து வீட்டு கிருத்திகா கோவையில் பிரெஞ்சு சொல்லித் தருகிறவள். பேனாவைத் திறந்தவள் எழுதவில்லை. துக்கம் விசாரிக்கிற ஸாரிக்கு அங்கே ஒரு வார்த்தை, தப்பு செய்தவன் கேட்கிற ஸாரிக்கு வேறு வார்த்தை என்றாள்.

"எது போடட்டுங்க மாமா?"

துக்கம் விசாரிப்பதே போதும் என்றார். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நாச்சம்மாள் குழாயை மூடினாள். மாரப்பன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"மத்ததையே எழுது கண்ணு."

எழுதியதைத் தமிழில் படித்துக் காட்டிவிட்டு அனுப்புவது கிருத்திகாவின் வழக்கம். "தப்புப் பண்ணிப்போட்டேன், என்னை மன்னிச்சிரு" என்று படித்தாள். தமிழில் கேட்டதும் மாரப்பன் இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். அவர் யாரிடமும் சொல்லாத வார்த்தை அது. சாம்பல் கேட்கும் வரியையும் சேர்க்கச் சொன்னார்.

மூன்றாம் வாரம் பதில் வந்தது. அடுத்த மாதம் சாம்பலோடு தானே வருவதாகக் கிளேர் எழுதியிருந்தாள். மேற்கொண்டு கிருத்திகா தமிழில் மெதுவாகச் சொன்னாள்:

"சந்துருவுக்கு உங்க மேல கோவமே இல்லைங்களாம் மாமா. அத்தை பேசி முடிச்சாலும் லைனை வைக்க மாட்டாராம். மோட்டார் சத்தம் கேட்டதுக்கப்புறந்தான் வைப்பாராம். அப்பா நல்லாருக்காருன்னு சொல்வாராம்."

மாரப்பன் மோட்டார் ரூமுக்குப் போய், சுவிட்சில் கை வைத்தபடி அழுதார்.