கூரையிலிருந்து விழுந்த சிவப்புக் கொட்டைகள்

நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், பல வருடம் பூட்டிக் கிடந்த தோட்டத்துக் கணக்கெழுதிய பழைய கிளாக்கரின் வீட்டுக்குச் சுஜீவாவும் அவள் கணவன் றொமேஷும் ஜனவரியில் குடிவந்தார்கள். றொமேஷ் ஓட்டோ ஓட்டுகிறவன். சுஜீவாவுக்குத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கூடவே சூட்டியும் வந்தது. ஒரு வயதுப் பெட்டை நாய்.

வீட்டின் பின்பக்கம் நான்கு சின்ன மண்மேடுகள் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல். பக்கத்து லயத்து வீட்டு வரிசையில் இருந்த இராக்கம்மா கொழுந்துக் கூடையோடு வேலிக்கு அப்பாலே நின்று அதைப் பற்றிச் சொன்னாள்.

"இந்த வீட்டுல நாய் தங்காது புள்ள. நாலையும் முனி எடுத்துக்கிருச்சு. அதுல ஒண்ணு என்னோடது."

வீடு பூட்டிக் கிடந்தபோது இந்த வாசலுக்கு வந்து போன லயத்து நாய்கள்தான் ஒன்றன்பின் ஒன்றாக இங்கேயே செத்துக் கிடந்தனவாம்; அவற்றைப் புதைத்த மேடுகளாம். சுஜீவா வாசலில் அந்தோனியார் படத்தை மாட்டிவிட்டு அதை மறந்துபோனாள்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு காலையில் வாசற்படியில் மூன்று கொட்டைகள் கிடந்தன. புறா முட்டை அளவு, நல்ல சிவப்பு. தோல் பாதி உரிந்து ஈரமாக இருந்தன. மறுநாள் இரண்டு. அதற்கடுத்த நாள் வாசலில் சூட்டி படுக்கும் சாக்கின் மேலேயே ஐந்து. கேற் பூட்டியபடி இருந்தது. ஈர மண்ணில் காலடி இல்லை. சூட்டி ஒருமுறைகூடக் குரைக்கவில்லை. விடியும் நேரத்தில் கூரைத் தட்டுக்கு மேலே ஏதோ உருளும் சத்தம் மட்டும் கேட்டது.

யாரோ செய்வினை வைக்கிறார்கள் என்றான் றொமேஷ். யார் என்று அவன் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு இராக்கம்மா அந்த வழியாகப் போகும்போதெல்லாம் சுஜீவா கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்தபோது, சூட்டி சுவரைப் பார்த்தபடி அசையாமல் நின்றது. கூப்பிட்டால் திரும்பவில்லை. வாயிலிருந்து எச்சில் கயிறு மாதிரித் தொங்கியது. பிறகு கால்கள் மடங்கி விழுந்து வாந்தி எடுத்தது. பூசாரியைக் கூட்டிவருகிறேன் என்று றொமேஷ் கிளம்பினான். சுஜீவா வாந்தியைக் குனிந்து பார்த்தாள். உள்ளே சிவப்புத் தோல்.

"பூசாரி வேணாம். ஓட்டோவ எடுங்க" என்றாள்.

பதுளையில் மிருக வைத்தியராக இருந்தவர் ஓர் இளம் சிங்களப் பெண். தோலைப் பார்த்ததும், வீட்டில் என்ன செடிகள் வளர்க்கிறீர்கள் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றாள் சுஜீவா. அவர் நம்பவில்லை. இது சைக்கஸ் கொட்டை, தொட்டியில் அழகுக்கு வைப்பார்கள், ஒன்றிரண்டு தின்றாலே நாயின் ஈரல் போய்விடும் என்று சொல்லி, சூட்டிக்குச் சேலைன் ஏற்றினார்.

விறாந்தையின் கோடியில் ஆணி அடித்து மூடிய கண்ணாடி அறை ஒன்று இருந்தது. கண்ணாடிக்கு வெள்ளை பூசியிருந்ததால் உள்ளே என்னவென்று யாரும் பார்த்ததில்லை. அன்று பின்னேரமே றொமேஷ் ஆணியைப் பிடுங்கினான்.

பழைய கிளாக்கரின் பூந்தொட்டிகள் எல்லாம் காய்ந்து கிடந்தன. கூரை ஒழுகிய இடத்தில் மட்டும் ஒன்று, யாரும் தண்ணீர் ஊற்றாமலே, தென்னங்கன்று போலத் தழைத்து, ஓலைகளைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு நின்றது. அதன் நடுவில், கூட்டுக்குள் முட்டைகள் போல, சிவப்புக் கொட்டைகள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓர் எலி கொட்டையொன்றைக் கவ்விக்கொண்டு கூரைத் தட்டின் ஓட்டைக்குள் போயிற்று. சற்று நேரத்தில் தலைக்கு மேலே அதே உருளும் சத்தம். பிறகு வெளியே, தாழ்வாரத்திலிருந்து வாசற்படியில் ஏதோ விழுந்தது.

நாலாம் நாள் சூட்டி தானாகத் தண்ணீர் குடித்தது. அன்றைக்கே சுஜீவா ஒரு கொட்டையைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு, மன்னிப்புக் கேட்க இராக்கம்மாவிடம் போனாள். சந்தேகப்பட்டதையும் மறைக்காமல் சொன்னாள். இராக்கம்மா கோபிக்கவில்லை. கொட்டையைக் கண்டதும் அவள் முகம் மாறியது. லயத்தின் கடைசி வீட்டுக்கு ஓடினாள்; சுஜீவாவும் பின்னால் போனாள்.

அங்கே ஒரு நாய்க்குட்டி படுத்திருந்தது. அதன் கழுத்தில் சிவப்புக் கொட்டைகள் கோத்த நூல்.

"முனி அண்டாம இருக்கட்டும்னு நாந்தான் கட்டிவிட்டேன்" என்றாள் இராக்கம்மா. "நீங்க வேலைக்குப் போனப்ப ஒங்க வாசல்ல பொறுக்கினது. முனி போட்டதுன்னு நெனச்சேன்."

நூலை அறுத்துப் பார்த்தார்கள். ஒரு கொட்டை கடித்து உடைந்திருந்தது. குட்டியை மடியில் வைத்துக்கொண்டு இராக்கம்மா ஓட்டோவில் ஏறினாள். வைத்தியர் அதை வாந்தி எடுக்க வைத்து, கரி மருந்து கொடுத்தார். நேரத்தோடு வந்துவிட்டீர்கள், பிழைத்துக்கொள்ளும் என்றார்.

திரும்பி வரும்போது மலையில் பனிமூட்டம் இறங்கிவிட்டது. முன்னால் பாதை தெரியவில்லை. றொமேஷ் மெதுவாக ஓட்டினான். இராக்கம்மா குட்டியைத் தடவிக்கொண்டே சுஜீவாவிடம் கேட்டாள்:

"நாலு வருஷமா அந்த முனிக்குச் சேவல் அறுத்துப் படைச்சிருக்கேன் புள்ள. காலையில போய்ப் பார்த்தா ஒரு எலும்புகூட மிச்சமிருக்காது. நாயெல்லாம் கொட்டையத் தின்னுதான் செத்துச்சுன்னா, அப்ப அந்தச் சேவல வாங்கித் தின்னது யாரு?"