மேல்வீட்டுப் பாட்டுப்பெட்டி

“சர்வர்னா ரெண்டு காபி கொண்டாரச் சொல்லு! அதை எதுக்குப் பாடச் சொல்ற?”

“அண்ணே, அது மியூசிக் சர்வர். உங்க சிடித் தட்டு ஒரு பாட்டு பாடி முடிக்கறதுக்குள்ள இது ஆயிரம் பாட்டை முழுங்கி ஏப்பம் விட்டுடும்.”

“அதைத்தான் நானும் சொல்றேன். முழுங்கினதைத் திரும்பத் துப்புது. என் சிடி ப்ளேயர் பாடுது.”

“யாரு சொன்னா?”

“என் காது சொல்லுது. லிஃப்டுக்குள்ள ஓடுற பாட்டைக் கேட்டு வளர்ந்த உன் காதுக்கு அதெல்லாம் எங்க புரியப்போகுது!”

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் கீழ்ப்படியில் நின்று அண்ணாந்து கத்திக்கொண்டிருந்தார். மேல்படியிலிருந்து பதில் கொடுத்தவர் அவருடைய சகலை, லிஃப்ட் மெக்கானிக். எதிர்வீட்டுப் பல் டாக்டர் கதவைத் திறந்துகொண்டு வந்து, செருப்பைத் தேடுகிற பாவனையில் குனிந்து நின்றார். செருப்பு அவர் காலிலேயே இருந்தது. மற்ற வீட்டுக் கதவுகளும் ஒரு விரல்கடை அளவுக்குத் திறந்திருந்தன. மனிதர்களுக்குக் காற்று வேண்டாமா?

சகலை மேல்வீட்டுக்குக் குடிவரும்வரை அந்தக் கட்டடத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்பது கடைக்காரரின் ராஜ்ஜியம். சுவர் முழுக்க சிடி அலமாரி. அதில் எது எங்கே இருக்கிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். ஒன்றை மயிரிழை நகர்த்தி வைத்தாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்று சொல்லிக்கொள்வார். தட்டை விளிம்பில் இரண்டு விரலால் எடுத்து, கடையிலிருந்து கொண்டுவந்த கண்ணாடி துடைக்கும் துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்து, குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல ப்ளேயரில் வைப்பார். பிறகு யாரும் மூச்சு விடக்கூடாது. பாட்டின் நடுவே இருமியதற்காகப் பல் டாக்டரை ஒரு மாதம் ஒதுக்கி வைத்திருந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த டாக்டர்தான் இப்போது ஞாயிறு தவறாமல் மேல்வீட்டில் போய் இஷ்டத்துக்கு இருமிக்கொண்டிருந்தார்.

டாக்டர் போனதைக்கூடக் கடைக்காரர் தாங்கிக்கொண்டார். பெண்டாட்டியும் போனதுதான் தொண்டையில் முள்ளாக நின்றது.

அவள் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். நாளெல்லாம் ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு ஊர்க் கவலையைக் கேட்பவள். மறுமுனையில் ஆள் வாய் திறக்குமுன்னே, மூச்சை வைத்தே இன்னார் என்று சொல்லிவிடுவாள். அந்தக் காதை நம்பித்தான் அவருடைய அத்தனை ஏற்பாடும். ஸ்பீக்கரை ஒரு சாண் தள்ளி வைத்தால் அவள் முகத்தைத்தான் பார்ப்பார். அவள் புருவம் லேசாகத் தளர்ந்தால் சரி, அங்கேயே இருக்கட்டும். வாயால் அவள் ஒன்றும் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. சோபாவின் இடது பக்கம் அவள் உட்கார்ந்திருந்த இடம் லேசாகப் பள்ளம் விழுந்திருந்தது. அது போதாதா என்று நினைத்துவிட்டார் மனிதர்.

மேல்வீட்டுக்குப் பெட்டி வந்த பிறகு, “தங்கச்சிய ஒரு எட்டுப் பாத்துட்டு வரேன்” என்பது ஆரம்பமானது. ஒரு எட்டு ஒரு மணி நேரமானது. கடைக்காரர் கீழே தனியாக உட்கார்ந்து கூரையைக் கேட்டார். கூரை வழியாகப் பாட்டு வராது, ‘தொம் தொம்’ என்று அடிச்சத்தம் மட்டும்தான் வரும். ஆனால் பெண்டாட்டியின் சிரிப்பு, அட, அது மட்டும் ஸ்படிகமாக இறங்கிவந்தது. அவள் அப்படிச் சிரிப்பாள் என்பது அவருக்கே புதுச் செய்தி. மேலே தொம் தொம் பாதியில் நிற்கும், சிரிப்பு கேட்கும், மறுபடி முதலிலிருந்து தொம் தொம். பாட்டைப் பாதியில் நிறுத்துவதா! அவருடைய வீட்டில் அது கொலைக்குச் சமம். தன் ப்ளேயரின் சத்தத்தைக் கூட்டினார். மேல்வீட்டுச் சிரிப்பு கேட்கவில்லை. பயந்துபோய்க் குறைத்துவிட்டு மறுபடி கூரையைப் பார்த்தார்.

சகலைமீது அவருக்குச் சந்தேகம் ஒன்றும் இல்லை. அப்படி இருந்திருந்தால்கூட மனசுக்குச் சுலபமாக இருந்திருக்கும், அதற்கென்று ஊரில் வழிமுறைகள் உண்டு. ஒரு பெட்டியைப் பார்த்து வயிறெரிகிறவன் யாரிடம் போய்ச் சொல்வான்?

இன்றைய சண்டைக்குக் காரணம், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அவள் எழுந்ததுதான். “ஒரு நிமிஷம்” என்று மேலே போனாள். பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டு முடிந்தது. தட்டே சுற்றி ஓய்ந்து நின்றது. அவர் படியேறி, எதிரே வந்த சகலையைப் பிடித்துக்கொண்டார். பெண்டாட்டியைக் கேட்கவேண்டிய கேள்வியைப் பெட்டியிடம் கேட்டார்.

சண்டையை ஒருவழியாக நிறுத்தியவர் பல் டாக்டர். “கண்ணைக் கட்டிக்கிட்டுக் கேட்டுப் பாத்துடலாம். எது நல்லாருக்குன்னு அவங்க சொல்லட்டும், அவங்களுக்குத்தான் காது” என்று, சத்தம் கேட்டுத் தங்கையோடு வெளியே வந்து நின்ற கடைக்காரரின் மனைவியைக் காட்டினார். அவள் தங்கையைப் பார்த்தாள். தங்கை நகத்தைப் பார்த்தாள். அதை யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு சகலை பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தார். இட்லித்தட்டு உயரம்கூட இல்லாத கறுப்புப் பெட்டி, நெற்றியில் ஒரு நீல விளக்கு. ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் கடைக்காரருடையவை. பெட்டியும் ப்ளேயரும் அதே ஆம்ப்ளிஃபயரில்தான் சொருகப்பட்டன. முன்னால் ஒரு போர்வையைக் கட்டி, பின்னால் டாக்டர் உட்கார்ந்துகொண்டார். எதை முதலில் ஓடவிடுவது என்பது அவர் இஷ்டம்.

“பாட்டு என் தேர்வு” என்றார் கடைக்காரர். படகுப் பாட்டைச் சொன்னார்.

“அது பெட்டியிலயும் இருக்கு அண்ணே, ஜோரா போடலாம்” என்றார் சகலை, வெள்ளந்தியாக.

கடைக்காரருக்கு உள்ளூர ஒரே குஷி. ஏனென்றால் அந்தத் தட்டில் ஒரு ரகசியம் இருந்தது. ஒரு தடவை கடை வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்து, மூக்குக்கண்ணாடியின் காதுக்கம்பிக்குப் போடுகிற கடுகளவு திருகாணியைத் தேடித் தேடி, கடைசியில் அது ப்ளேயரில் தட்டு வைக்கிற பள்ளத்தில் கிடந்ததைக் கண்டுபிடித்தார், தட்டை மேலே வைத்து அழுத்திய பிறகு. தட்டில் கீறல் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து இரண்டாம் சரணத்துக்கு முன்னால், புல்லாங்குழல் ஓய்கிற இடத்தில், நகம் வெட்டுகிறாற்போல ‘டிக்’. தட்டைக் கைக்குழந்தையாகத் தாங்குகிறவர் இதை எந்த வாயால் வெளியே சொல்வார்? அவர் தனியாக இருக்கும்போது மட்டும்தான் அந்தப் பாட்டைப் போடுவார். ஆக, டிக் என்றால் தட்டு, இல்லையென்றால் பெட்டி. இதற்குக் காது எதற்கு? அவர் முதலில் சரியாகச் சொல்லிவிட்டால், அப்புறம் அவள் எப்படி மாற்றிச் சொல்வாள்?

முதல் முறை பாட்டு ஓடியது. புல்லாங்குழல் ஓய்ந்தது. டிக்.

“இதுதான்!” என்று கடைக்காரர் எழுந்தே விட்டார். “என்னோடது! எப்படி இருக்கு பாத்தீங்களா, அந்தப் பாடகி பக்கத்துல உக்காந்து பாடற மாதிரி! மூச்சு கேக்குது! இதெல்லாம் பெட்டியில வருமா?”

 டாக்டர் போர்வையை ஒரு பக்கம் விலக்கினார். பல்லைத் தப்பாகப் பிடுங்கிவிட்ட முகம். நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ப்ளேயர் சும்மா இருந்தது.

“பொட்டிதாண்ணே” என்றார் சகலை. சிரிக்கக்கூடத் தோன்றவில்லை அவருக்கு.

“இல்ல. தப்பா சொருகியிருக்கே. அந்த... அந்த டிக்...” கடைக்காரர் வாயைக் கடித்துக்கொண்டார்.

டாக்டர் தட்டை ஓடவிட்டார். எல்லோரும் அந்த இடத்துக்காகவே காத்திருந்தார்கள். டிக்.

“ரெண்டுலயும் ஒரே இடத்துல” என்றாள் பெண்டாட்டி மெதுவாக. தங்கை “அக்கா, நான் ஏத்தறப்பவே சொன்னேன்ல, இந்தப் பாட்டு வேணாம்னு” என்று கிசுகிசுத்தாள். அந்த வீட்டில் அன்றைக்குக் கிசுகிசுப்புக்கூடத் தெள்ளத் தெளிவாகக் கேட்டது.

கடைக்காரர் அலமாரியைப் பார்த்தார். ஒன்றும் மயிரிழைகூட நகர்ந்திருக்கவில்லை.

“இதை மட்டுமா?”

“எல்லாத்தையும்தான்” என்றாள். “நீங்க கடைக்குப் போனப்புறம் துணிப்பையில போட்டு எடுத்துட்டுப் போவேன். தம்பி பொட்டியில ஏத்திக் கொடுப்பாரு. நீங்க வர்றதுக்குள்ள வரிசை மாறாம வெச்சிடுவேன்.”

சகலை தரையைப் பார்த்தார். “உங்களுக்குத் தெரியும்னு அக்கா சொன்னாங்கண்ணே.”

ஆக, இத்தனை நாளும் மேலே தொம் தொம் என்று அடித்தது அவருடைய பாட்டு. எல்லோரும் அவரை விட்டுவிட்டுப் போய் அவருடைய பாட்டைத்தான் கேட்டிருக்கிறார்கள். அவருடைய ‘டிக்’கோடு. தன் அலமாரியைப் பார்த்துத் தானே பொறாமைப்பட்டுக்கொண்டிருந்த ஆளை உலகம் இதற்குமுன் கண்டிருக்குமா தெரியவில்லை.

“இங்க கேட்டா நான் போட மாட்டேனா?”

“போடுவீங்க.”

“அப்புறம்?”

“கேக்கணும்ல” என்றாள். “அங்க நானே போட்டுக்குவேன். பிடிச்ச இடம் வந்தா திரும்பத் திரும்பப் போட்டுக்குவேன். தங்கச்சியோட பேசிக்கிட்டே கேப்பேன். அவ்வளவுதாங்க” என்றாள்.

அறையில் யாருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. டாக்டருக்குத்தான் அடக்கமுடியவில்லை. “அது கிடக்கட்டும். எதும்மா நல்லாருந்துச்சு?”

அவள் உண்மையாகவே யோசித்தாள். “ரெண்டும் ஒண்ணுதான்.”

“அதெப்படி ஒண்ணாகும்?” என்று கடைக்காரரும் சகலையும் ஒரே குரலில் கேட்டார்கள். அவர்கள் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அதுதான் முதலும் கடைசியும்.

அதற்குப் பிறகு நடந்தவை எல்லோருக்கும் தெரிந்தவை. சகலைக்கு, மேகத்தை இடிக்கிற கட்டடங்கள் உள்ள ஓர் ஊரில் வேலை கிடைத்து, பெட்டியோடும் பெண்டாட்டியோடும் போய்ச் சேர்ந்தார். அக்காளும் தங்கையும் வாசலில் கட்டிக்கொண்டு அழுததில் வண்டிக்காரன் இரண்டு முறை டீ குடித்துவிட்டு வந்தான். பல் டாக்டர், மனைவியை இழந்து இத்தனை வருஷம் ஒண்டிக்கட்டையாக இருந்தவர், காது கேட்கும் கருவி விற்கிற ஒரு பெண்மணியைக் கல்யாணம் செய்துகொண்டு அவள் வீட்டுக்கே குடிபோய்விட்டார். இருமலும் நின்றுவிட்டதாகக் கேள்வி. மேல்வீட்டுக்கு ஒரு கணக்காசிரியர் வந்தார். அவர் வீட்டில் மின்விசிறிகூடச் சத்தம் போடாது.

கடைக்காரர் ஜெயித்துவிட்டார் என்றுதான் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை அவள் மறுபடி சோபாவின் இடது பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆனால் தங்கை போகும்போது ஒரு சாமான் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள், தீப்பெட்டி அளவில். பெட்டியில் இருந்தது அத்தனையும் அதில் இருந்தது. இரண்டு காதிலும் ஒயரைச் சொருகிக்கொண்டு அவள் கண்ணை மூடினாள். கடைக்காரர் தன் பாட்டைப் போட்டார். தாலாட்டு மாதிரி மெதுவான பாட்டு. அவள் கால் கட்டைவிரலோ வேறு ஏதோ ஒரு வேகத்தில் தாளம் போட்டது. எந்தப் பாட்டு? அலமாரியில் இருப்பதில் ஒன்றுதான், அவருக்குத் தெரியாத பாட்டு அதில் இருக்க வழியில்லை. உதட்டைப் பார்த்தார். பிடிபடவில்லை. ஓரிடத்தில் உதட்டோரம் சிரிப்பு வந்தது. விரல் அந்தத் தீப்பெட்டியைத் தொட்டது. அதே சிரிப்பு மறுபடி வந்தது.

அவர் எழுந்துபோய்த் தன் பாட்டைப் பாதியில் நிறுத்தினார்.

அறை அமைதியானது. அவளுடைய காதிலிருந்து கொசு ரீங்காரம்போல ஏதோ கசிந்தது. அவர் திரும்பி வந்து சோபாவின் வலது பக்கத்தில் உட்கார்ந்து, கொஞ்சம் நகர்ந்து, கழுத்தை நீட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார். அவள் கண்ணைத் திறக்கவில்லை. ஒரு காதிலிருந்து ஒயரை உருவி, விரலால் துடைத்து, இரண்டு பேருக்கும் நடுவே சோபாமேல் வைத்தாள். அது அங்கே கிடந்து தன் பாட்டுக்குச் சன்னமாகப் பாடிக்கொண்டிருந்தது.