மறுபடியும் நீலம்

அஞ்சலை நகப்பூச்சு பூசத் தொடங்கியபோது கருப்பம்மாள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஈப்போ துணிக்கடையில் வேலை செய்கிற பதினெட்டு வயதுப் பெண். நாலு பேர் கண்ணுக்கு நன்றாக இருக்க ஆசைப்படத்தான் செய்வாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் பழைய பூச்சைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த விரல்களைப் பார்த்தாள். நகங்கள் நாவற்பழ நிறத்தில் இருந்தன.

"எவ்வளோ நாளா இப்படி இருக்கு?"

"ஆறு மாசமா. பஸ்ஸ விட்டு எறங்கிக் கடைக்கு நடக்கறதுக்குள்ள ரெண்டு தடவ நின்னுடறேன்லா. சொன்னா நீ பயந்துடுவே."

கருப்பம்மாள் மகளின் விரல்களை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அந்த நீலம் அவளுக்குப் புதிதல்ல. சுங்கை சிப்புட் தோட்டத்தில் அவள் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்த காலத்தில் பிறந்தவள் அஞ்சலை; குழந்தையில் அழுதாலே நீலம் பாரித்துக் கறுத்துப்போவாள். இரத்தத்தைத் தள்ள இரண்டு அறை இருக்க வேண்டிய இதயத்தில் ஒன்றுதான் இருக்கிறது என்றார்கள். எழுபத்து நாலில் கோலாலம்பூரில் அறுவை செய்யலாம் என்றபோது, "பொட்டப்புள்ள நெஞ்சக் கிழிக்கணுமா? இருக்கற வரைக்கும் இருக்கட்டும்" என்றான் கணவன் பிச்சைமுத்து. கருப்பம்மாள் கேட்கவில்லை. எட்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ரயிலேறினாள். உதடு சிவந்து திரும்பிய மகள் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போனாள். "நீ செஞ்சதுதான் சரி" என்று பிச்சைமுத்து சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரியில் சோதனைகள் எல்லாம் முடிந்தபின் டாக்டர் பூபாலசிங்கம் தாயையும் மகளையும் உட்கார வைத்தார்.

"இதயம் மோசமில்லை அம்மா. கோளாறு நுரையீரலிலே. மேலுடம்பு இரத்தத்தை நேரா வலது நுரையீரலுக்குத் திருப்பிவிட்டதுதானே அந்த ஒப்பரேஷன். அங்கே இருக்கிற மெல்லிய நாளங்கள் இப்ப வாய்க்கால் மாதிரி விரிஞ்சு போச்சு. இரத்தம் காத்தை எடுக்காமலே ஓடிப்போகுது."

"தையல் பிரிஞ்சிருச்சா டாக்டர்?"

"இல்லை. ஒப்பரேஷன் நல்லாத்தான் நடந்தது. அப்படிச் செய்த சில பிள்ளைகளுக்கு வருஷம் போகப் போக இப்படி வருது. ஏன் எண்டு எங்களுக்கு இன்னும் தெரியாது."

"மருந்து?"

டாக்டர் இல்லை என்று தலையசைத்தார்.

"அப்ப கல்யாணம்?" என்று கேட்டாள் அஞ்சலை. லாரி ஓட்டும் ஜெயபாலனோடு தை மாதத்துக்குப் பேசி முடித்திருந்தார்கள்.

"பிள்ளை பெறக்கூடாது. மற்றதை நீங்கள் பேசி முடிவெடுங்கோ."

"அவன்கிட்ட இப்ப ஒண்ணும் சொல்ல வேணாம்லா" என்று கருப்பம்மாள் பஸ்ஸில் கெஞ்சினாள். அஞ்சலை அன்று மாலையே ஜெயபாலனைக் கூப்பிட்டுப் பூச்சில்லாத நகங்களைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு மாதம் அவன் தினமும் அவளை மோட்டார் சைக்கிளில் கடைவரை கொண்டுபோய் விட்டான். பிறகு அவன் தாய் நிச்சயதார்த்தத் தட்டைத் திருப்பி அனுப்பிச் சம்பந்தத்தை முறித்தாள். அவனும் செமோர் பக்கம் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான். அஞ்சலை அவனைத் திட்டவில்லை. வேறு யாரிடமும் அதிகம் பேசவுமில்லை.

அடுத்த ஆண்டு மழைக்காலத்தில் தலைவலி என்று படுத்தாள். நுரையீரல் வடிகட்டாமல் விட்ட கிருமி மூளையில் சீழாகக் கட்டியிருந்தது. ஒன்பது நாள் நினைவில்லாமல் கிடந்து, பத்தொன்பது வயதில் போய்ச் சேர்ந்தாள்.

மூன்று மாதம் கழித்து டாக்டர் ஆள் அனுப்பிக் கருப்பம்மாளை அழைத்தார். பாரிட் புந்தாரிலிருந்து வந்த வீரம்மா என்ற இளம்பெண், மடியில் நீலம் பாரித்த பிள்ளையோடு அவர் அறையில் உட்கார்ந்திருந்தாள். அதே கோளாறு; அதே அறுவையைச் செய்யலாம் என்றிருந்தார்கள்.

"செய்யலாமா அக்கா? உண்மையச் சொல்லுங்க."

கருப்பம்மாள் எதையும் மறைக்கவில்லை. ரயிலையும், சிவந்த உதட்டையும், கடைசி ஒன்பது நாளையும் சொன்னாள். "எல்லாருக்கும் இப்படி வராதாம். எம்மவளுக்கு வந்துச்சு."

"மறுபடி அந்த நாள் வந்தா நீங்க செய்வீங்களா?"

கருப்பம்மாள் பிள்ளையின் நீலம் பாரித்த விரல்களை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"செய்வேன்."

வீரம்மா நம்பியதாகத் தெரியவில்லை. கருப்பம்மாளுக்கே தன் குரல் நம்பும்படி இல்லை. மறுவாரம் வீரம்மா பிள்ளையை அறுவைக்குக் கோலாலம்பூருக்குக் கொண்டுபோனதாக டாக்டர் சொல்லியனுப்பினார். பிறகு என்ன ஆயிற்று என்று கருப்பம்மாள் கேட்கவேயில்லை.