மரத்த கண்ணைக் காக்க வைக்காதே

நான் பொய் சொல்கிற ஆள் இல்லை. ஒரு நாளைக்கு ஒன்று என்று அளவு வைத்திருக்கிறேன். இன்றைக்கு உரியதை, காபி பிரமாதம் என்று காலையிலேயே வீட்டில் சொல்லித் தீர்த்துவிட்டேன். ஆகவே இனி வருவதெல்லாம் நிஜம்.

கண் ஆஸ்பத்திரியில் என் வேலை ஊசி போடுவது. கண்ணுக்குள் அல்ல, கண்ணுக்குப் பக்கத்தில். போட்ட பத்தாவது நிமிஷம் கண் மரத்துப்போகும். அப்புறம் டாக்டர் புரையை எடுத்துவிட்டு லென்ஸ் வைப்பார். முப்பத்தோரு வருஷமாக இதே வேலை. எல்லோருக்கும் நான் ஊசியண்ணன். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் நானும் சேர்ந்து திரும்பிப் பார்ப்பேன், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று.

தியேட்டரில் இரண்டு மேசைகள். நடுவில் சக்கரம் வைத்த ஒரு ஸ்டூல். டாக்டர் இடது மேசையில் ஒரு கண்ணை முடிப்பதற்குள் வலது மேசையில் படுத்திருப்பவருக்கு நான் ஊசி போட்டு முடித்திருப்பேன். டாக்டர் எழுந்திருக்க வேண்டியதே இல்லை. கையுறையை மாற்றிக்கொண்டு, காலால் ஓர் உந்து உந்தினால் ஸ்டூல் உருண்டு வலது மேசைக்குப் போய்விடும். அவர் அங்கே குனிந்திருக்கும்போது இடது மேசைக்கு அடுத்த ஆள் வந்துவிடுவார். அவருக்கும் ஊசி. இப்படி ஒரு நாளைக்கு நாற்பது கண்.

சுவரில் கொட்டை எழுத்தில் ஒரு பலகை தொங்கும். ‘மரத்த கண்ணைக் காக்க வைக்காதே. ஸ்டூலில் இருப்பவரே முடிக்க வேண்டும்.’ எழுதி மாட்டியவர் எங்கள் தலைமை டாக்டர். அவரைப் பெரியவர் என்போம். விதியில் குற்றம் சொல்ல முடியாது. மரப்பு நெடுநேரம் நிற்காது. கத்தி பாதியில் இருக்கும்போது விட்டுப்போனால் படுத்திருப்பவர் எழுந்து கேள்வி கேட்பார். ஆனால் அந்தப் பலகையை நாலு தடவை படித்தால்தான் அதன் சூட்சுமம் புரியும். காலை முதல் மாலை வரை எங்கள் தியேட்டரில் ஏதாவது ஒரு கண் மரத்தபடியேதான் இருக்கும். அப்படியானால் ஸ்டூலில் இருப்பவர் எப்போது எழுந்திருப்பது? இதையெல்லாம் யோசிக்க நேரமிருந்த ஒரே ஆள் பெரியவர். அவர் அந்த ஸ்டூலில் கடைசியாக உட்கார்ந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

அப்போது ஸ்டூலில் இருந்தவர் சின்ன டாக்டர். ஒரு வருஷம் பயிற்சி, ஒரு வருஷம் பணி என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்த பெண். நான்கு வருஷம் ஆகிவிட்டிருந்தது. வந்தபோது கருவிழி, விழித்திரை, குழந்தைக் கண் எல்லாம் சொல்லித் தருகிறேன் என்றார் பெரியவர். வந்த மூன்றாம் நாள் புரை எடுக்கச் சொல்லி ஸ்டூலில் உட்கார வைத்தவர், மற்றதைச் சொல்லித்தர மறந்துவிட்டார்.

ஸ்டூல் உருண்டு உருண்டு தரையில் இரண்டு பள்ளம் விழுந்துவிட்டது. தரை துடைக்கிற அம்மா ஒரு வாளித் தண்ணீரை இந்தப் பக்கம் ஊற்றினால் அது பள்ளத்தின் வழியாகவே ஓடி அந்தப் பக்கம் போய்ச் சேரும். சின்ன டாக்டருக்குத் தும்மல் வந்தால்கூட இரண்டு மேசைக்கும் நடுவில் உருளும்போதுதான் தும்முவார். அதற்கும் அரை தும்மல்தான் நேரம் கிடைக்கும். மீதி அடுத்த உருளலில். ஒரு முறை அவருடைய சித்தப்பாவே, இவரிடம் ஆபரேஷன் செய்துகொண்ட மறுநாள், வந்து எதிரே நின்றார். இவருக்கு ஆள் யாரென்று தெரியவில்லை. சித்தப்பா ஒரு துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வலது கண்ணை மட்டும் காட்டிய பிறகுதான், “அட, சித்தப்பா நீங்களா!” என்றார்.

ஒவ்வொரு கண் முடியும்போதும் அவர் கேட்பது ஒரே கேள்வி.

“அடுத்தவருக்குப் போட்டுட்டீங்களாண்ணே?”

“போட்டாச்சு டாக்டர்.”

ஒரு நாளாவது இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னதில்லை. பெஞ்சில் பத்துப் பேர் கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு காத்திருக்கும்போது எப்படிச் சொல்வது? அவரை அந்த ஸ்டூலோடு கட்டிப்போட்டது பெரியவர் என்று ஊர் சொல்லும். கயிறு என் கையில் இருந்தது.

கருவிழி மாற்றும் பயிற்சிக்கு அவருக்கு வேறொரு பெரிய ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது. இது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறையும் சேர வேண்டிய நாளில் ஸ்டூலில் இருந்தார். இந்த முறை விட்டால் வயது தாண்டிவிடும், அப்புறம் மனுவே போட முடியாது. மறுநாள் காலை பத்து மணிக்குள் அங்கே நிற்க வேண்டும். அதற்குப் பகல் மூன்று மணி ரயிலை விட்டால் வழியில்லை. இங்கிருந்து விடுவிப்பு ஆணை இல்லாமல் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஆணை என்னவோ கையில் இருந்தது. பெரியவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திக் கொடுத்திருந்தார். ‘தங்கள் இடத்தில் வேறொரு டாக்டர் ஸ்டூலில் அமர்ந்து கத்தியைக் கையில் எடுக்கும் கணம் முதல் தாங்கள் விடுவிக்கப்படுகிறீர்கள்.’ சின்ன டாக்டர் அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பலகைக்குக் கீழேயே ஒட்டி வைத்திருந்தார்.

வேறொரு டாக்டர் வராமலில்லை. நாலு பேர் வந்தார்கள். கடைசியாக வந்தவர் அன்றைய பட்டியலைப் பார்த்துவிட்டு, “வீட்டைப் பூட்டினேனான்னு சந்தேகமா இருக்கு, பார்த்துட்டு வந்துடறேன்” என்று போனார். அதோடு ஏழு மாதம் ஆகியிருந்தது. பெரிய வீடாக இருக்க வேண்டும்.

அந்த மூன்று மணி ரயில் நாளன்றுதான் எங்கள் ஆஸ்பத்திரிக்கு லட்சமாவது கண். பெரியவர் பத்திரிகைப் படக்காரரையும் நாலு பிரமுகர்களையும் வரவழைத்திருந்தார். அவர்கள் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். படக்காரருக்கு மட்டும் அங்கி மாட்டி, முகமூடி கட்டி, உள்ளே விட்டோம்.

மணி ஒன்றே முக்கால். பெரியவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“ரெண்டு நிமிஷம் எந்திரிம்மா. நான் ஸ்டூல்ல உட்கார்ந்த மாதிரி ஒரு படம். அவ்வளவுதான்.”

“கை கழுவிட்டு வாங்க சார்” என்றேன்.

“படத்துக்கு எதுக்குய்யா கை கழுவணும்?”

“யார் உள்ள வந்தாலும் கழுவணும்னு நீங்கதானே சார் போன வருஷம் சுற்றறிக்கை விட்டீங்க. கண்ணாடிக்கு வெளிய நின்னு எல்லாரும் பார்க்கறாங்க.”

முனகிக்கொண்டே போய், முழங்கை வரை தேய்த்துக் கழுவி, அங்கி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு வந்தார். அதற்கு எட்டு நிமிஷம் ஆனது. அதற்குள் வலது மேசையில் படுத்திருந்த லாரி டிரைவருக்கு நான் ஊசியைப் போட்டுவிட்டேன். திட்டம் போட்டுச் செய்தேன் என்று சின்ன டாக்டர் இன்றைக்கும் சொல்கிறார். அப்படியெல்லாம் இல்லை. கைப்பழக்கம்.

சின்ன டாக்டர் இடது மேசையில் கட்டுப் போட்டு முடித்துவிட்டு எழுந்து நின்றார். நான்கு வருஷத்தில் அவ்வளவு உயரம் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. பெரியவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஸ்டூல் தானாகவே பள்ளத்தில் உருண்டு வலது மேசைக்குப் போய் நின்றது.

படக்காரர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “சார், கை சும்மா இருக்கே. எதையாவது புடிச்சிக்கிட்டா எடுப்பா இருக்கும்.”

நான் தட்டிலிருந்து கத்தியை எடுத்துக் கொடுத்தேன். பெரியவர் வாங்கிக்கொண்டார். பளிச்சென்று விளக்கு அடித்தது.

சின்ன டாக்டர் சுவரைப் பார்த்தார். பலகையை அல்ல, அதன் கீழே இருந்த காகிதத்தை. அப்புறம் என்னைப் பார்த்தார். முகமூடிக்கு மேலே இரண்டு கண்தான் தெரிந்தது, ஆனால் நான் முப்பத்தோரு வருஷமாகக் கண்ணை மட்டுமே பார்த்துப் பிழைக்கிறவன்.

“போதும்ல?” என்று பெரியவர் எழுந்திருக்கப் போனார்.

அப்போதுதான் பச்சைத் துணிக்கு அடியிலிருந்து டிரைவர் குரல் கொடுத்தார். “ஐயா, கண்ணு மரத்துப் போயி ரொம்ப நேரமாச்சுங்க. யாராச்சும் இருக்கீங்களா, இல்ல சாப்பிடப் போயிட்டீங்களா?”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிரமுகர்கள் சிரித்தார்கள். ஒருவர் பலகையைக் காட்டி இன்னொருவருக்குப் படித்துச் சொல்வது உதட்டசைவில் தெரிந்தது. படக்காரர் இரண்டடி பின்னால் போய், “அந்தப் போர்டும் சேர்ந்து விழற மாதிரி, அப்படியே ஆபரேஷன் பண்ணுங்க சார்” என்றார்.

பெரியவர் சின்ன டாக்டரைப் பார்த்தார். “நீ முடிச்சிடறியா?”

“நான் விடுவிக்கப்பட்டுட்டேன் சார்” என்றார் அவர் பணிவாக. “நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

ஆனால் கிளம்பிவிடவில்லை. அங்கேதான் அந்தப் பெண்ணின் படிப்பு தெரிந்தது. மணி இரண்டு ஐந்து. ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டேஷனுக்கு முக்கால் மணி நேரம். அவர் மேசைக்கு மறுபக்கம் போய் நின்று பெரியவரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு வருஷம் பேனா மட்டும் பிடித்த விரல். நடுங்கினால் அடுத்த கணம் சின்ன டாக்டரே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார், ரயில் போயிருக்கும், பயிற்சியும் போயிருக்கும்.

விரல் நடுங்கவில்லை. முதல் கீறல் மயிரிழை சுத்தம். புரை முழுசாக வெளியே வந்தது. லென்ஸ் உள்ளே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தது. இந்தக் கையை வைத்துக்கொண்டா மனிதர் இத்தனை வருஷம் சுற்றறிக்கை எழுதிக்கொண்டிருந்தார் என்று எனக்கு ஆத்திரமே வந்தது.

சின்ன டாக்டர் ஒரு பெருமூச்சு விட்டு, சுவரிலிருந்து காகிதத்தை உரித்தார். என் பக்கமாக வந்து மெதுவாகக் கேட்டார்.

“அடுத்தவருக்குப் போட்டுட்டீங்களாண்ணே?”

இடது மேசையைப் பார்த்தேன். ஒரு ரிட்டயர்டு வாத்தியார் படுத்திருந்தார்.

“போட்டாச்சு டாக்டர்.”

அவர் ஓடியதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். நான்கு வருஷம் உருண்டே பழகியவர் என்பதால் தாழ்வாரத்தில் முதல் பத்தடி இடமும் வலமுமாகத்தான் போனார். அப்புறம் நேராகிவிட்டார். ரயில் கிளம்பியபோது ஏறினாராம். மறுநாள் ஒன்பது ஐம்பதுக்குக் கையெழுத்துப் போட்டாராம்.

பெரியவர் அன்றைக்கு ஆறரை வரைக்கும் பதினெட்டுக் கண் முடித்தார். பாதியில் இரண்டு தடவை, “கொஞ்சம் நிறுத்துய்யா” என்றார். பலகையைக் காட்டினேன். வேறொரு டாக்டர் வேண்டும் என்று நாலு இடத்துக்குச் சொல்லியனுப்பியிருக்கிறார். இன்னும் வரவில்லை. ஆறு வருஷமாக அவர்தான் ஸ்டூலில். பள்ளம் இன்னும் ஆழமாகிவிட்டது.

எனக்கு ஓய்வு பெறும் வயது போன வருஷமே முடிந்துவிட்டது. விடுவிப்பு ஆணை கேட்டேன். பெரியவர் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலை தூக்காமலே சொல்லி எழுத வைத்து, இரண்டு மேசைக்கும் நடுவில் உருளும்போது கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். ‘தங்கள் இடத்தில் வேறொருவர் நின்று ஊசியைக் கையில் எடுக்கும் கணம் முதல்.’

பலகைக்குக் கீழேதான் ஒட்டி வைத்திருக்கிறேன். படக்காரர்கள், பிரமுகர்கள், தணிக்கைக்கு வருகிறவர்கள், யார் வந்தாலும் ஊசியை நீட்டி, “இதைக் கொஞ்சம் புடிங்க, படம் எடுப்பா இருக்கும்” என்று சொல்லிப் பார்க்கிறேன். ஒருவர்கூடக் கை நீட்டமாட்டேன் என்கிறார்கள்.

“அடுத்த ஆளுக்குப் போட்டுட்டியாய்யா?” என்கிறார் பெரியவர்.

“போட்டாச்சு சார்.”